கையொப்பமும் கடமையும்

(கலசப்பாக்கத்தில் கூடிய நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் செய்த உபந்நியாசம்)



இச்சபையின் முன்னின்று பேசுதற்குரிய கல்வியோ நாவன்மையோ எனக்கு உண்டென்று எண்ணி நான் இங்கு எழுந்தேனல்லன். நான் வழக்கறிஞனும் அல்லேன். முப்பது ஆண்டுக்கு மேலாக வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாயிருந்து, நிலத் தாவாக்களுக்குரிய தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பழகியவன். எனினும், இன்று நிர்வாக சபையார் நம் அங்கீகாரத்துக்காக வைத்திருக்கும் ஒரு சிறு காகிதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லாமலிருத்தல் தகாதென்று என் மனச்சாட்சி என்னை இடித்துக் கூறுகின்றமையால், உங்கள் பொறுமையை வேண்டி நிற்கின்றேன்.

நம் சங்கக் கட்டிடத்தின் பின்கட்டில் இளைஞர்களுக்கென ஒரு தேகப்பயிற்சிக் கூடம் அமைக்கப் போகின்றோம். பிள்ளைகள் இதனை ஜிம் என்கின்றனர். ஆண்டுதோறும் ஒருமுறை நம் மாணவ மாணவியரை ஜவ்வாது மலைக்கு அழைத்துச் சென்று, ஜமுனாமரத்தூர், பீமன் நீர்வீழ்ச்சி முதலிய இடங்களைக் காட்டி வருவதென்றும் தீர்மானித்திருக்கின்றோம். இவ்விரண்டும் மிக நல்ல காரியங்கள். கைப்பேசியில் தலை கவிழ்ந்திருக்கும் நம் பிள்ளைகள் சற்றே நிமிர்ந்து மலையையும் நீரையும் பார்ப்பார்களாயின், அதனினும் மேலான தருமம் இச்சங்கத்துக்கு வேறில்லை.

இனி அக்காகிதத்துக்கு வருவோம். பயிற்சிக் கூடத்தில் சேர்வோரும், மலைக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரும் கையொப்பமிட வேண்டிய படிவம் அது. அதன் நான்காவது ஷரத்தின் கருத்து யாதெனில், பயிற்சியிலோ பிரயாணத்திலோ எவ்விதக் காயமேனும் மரணமேனும் எக்காரணத்தால் நேரிடினும், சங்கமும் அதன் நிர்வாகிகளும் பொறுப்பாளிகள் ஆகார் என்பதும், கையொப்பமிட்டவர் நஷ்டஈடு கோரும் உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கின்றார் என்பதுமாம். இஃது எவ்வித வஞ்சனையாலும் எழுதப்பட்டதன்று என்பதை நான் அறிவேன். நகரத்துப் பயிற்சிக் கூடங்களிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும் வழங்கும் படிவத்தைப் பார்த்து, அவ்வாறே நம்மவரும் எழுதிவிட்டனர். எல்லோரும் எழுதுவதனால் ஒன்று நியாயமாகி விடுமோ என்பதே என் வினா.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கின்றேன். என் தமக்கையின் பேரன், பத்தொன்பது வயதுப் பிள்ளை, அயலூரிலுள்ள ஒரு பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டிச் சேர்ந்தான். சேரும் நாளில் ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு பக்கக் காகிதத்தில் ஒப்பமிடச் சொன்னார்கள், இட்டான். அங்கிருந்த பளு இழுக்கும் இயந்திரம் ஒன்றின் கம்பிவடம் பல நாளாக நைந்திருந்தது. அதன்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு மாலை அது அறுந்தது. இரும்புத் தண்டு பிள்ளையின் தோளில் விழுந்து காறையெலும்பு முறிந்தது. மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. வைத்தியச் செலவுக்கு அவன் தாயின் நகை அடகுக்குப் போயிற்று. கூடத்தின் உரிமையாளரைக் கேட்டபொழுது, அவர் பெட்டியைத் திறந்து அந்த நான்கு பக்கக் காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

என் தமக்கை என்னிடம் வந்து, "தம்பி, நீ கோர்ட்டுக் காரியம் தெரிந்தவனாயிற்றே, இதற்கு ஏதேனும் வழியுண்டா?" என்று கேட்டாள். நான் காகிதத்தைப் பார்த்தேன், ஒப்பத்தைப் பார்த்தேன். "அக்கா, கையெழுத்துப் போட்டுவிட்டானே, இனி என்ன செய்வது?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கிரயப் பத்திரமும் அடமானப் பத்திரமும் பார்த்துப் பார்த்து, ஒப்பமே தெய்வம் என்று ஊறிப்போன புத்தி எனக்கு. நெடுநாள் கழித்து வேறொரு காரியமாய் ஒரு வக்கீலோடு பேசிக்கொண்டிருக்கையில் இதனைச் சொன்னேன். அவர், "அந்தக் காகிதம் அவனைத் தடுத்திராதே! இரண்டு ஆண்டுக்குள் வந்திருக்கலாகாதா?" என்றார். அன்றைக்கு விபத்து நடந்து இரண்டு ஆண்டும் ஏழு மாதமும் ஆகியிருந்தன. ஆகவே, என் தமக்கை குடும்பத்தின் உரிமையைப் பறித்தது அந்தக் காகிதமன்று. அந்தக் காகிதத்தை நம்பிய என் வாயே. இன்று நான் பேசுவதற்கு இதுவே காரணம்.

நிற்க. அஜாக்கிரதை என்று சட்டம் எதனைக் கூறுகின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம். தற்செயலாக நேர்ந்த தீங்கு ஒவ்வொன்றுக்கும் ஒருவனைப் பொறுப்பாளியாக்குவது சட்டத்தின் நோக்கமன்று. மூன்று சங்கதிகள் மெய்ப்பிக்கப்படல் வேண்டும். ஒருவனுக்குப் பிறன்பால் எச்சரிக்கையாய் நடக்க வேண்டிய கடமை இருந்தது என்பது ஒன்று. அக்கடமையில் அவன் தவறினான் என்பது மற்றொன்று. அத்தவற்றின் பயனாகவே நஷ்டம் விளைந்தது என்பது மூன்றாவது. 1932-ஆம் வருஷம் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கில், பானமடைத்த சீசாவுக்குள் நத்தை கிடந்ததென்று ஒரு பெண்மணி முறையிட்டாள். சீசாவை விலைக்கு வாங்கியவள் அவளல்லள், அவளுடைய தோழி. செய்தவனுக்கும் அவளுக்கும் உடன்படிக்கை ஏதுமில்லை. ஆயினும், நம் செய்கையால் யாருக்குத் தீங்கு நேரக்கூடுமென்று நாம் முன்கூட்டியே அறியத்தக்கதோ, அவர் அனைவரிடத்தும் நமக்குக் கடமையுண்டு என்று அந்த நியாயஸ்தலம் விதித்தது. நம் நாட்டு நீதிமன்றங்களும் அக்கொள்கையைத் தழுவி நிற்கின்றன.

விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் உரிய இயல்பான அபாயம் வேறு. நடத்துவோரின் அசட்டையால் வரும் அபாயம் வேறு. சடுகுடு ஆடுகிறவன் கீழே விழுந்து முழங்கால் தேய்ந்தால், அஃது ஆட்டத்தோடு பிறந்த அபாயம். அதனை அறிந்தே அவன் களத்தில் இறங்கினான். ஆனால், உளுத்துப்போன பந்தற்கால் முறிந்து அவன் தலையில் விழுமாயின், அந்த அபாயத்துக்கு அவன் இசைந்தவனாகான். நம் பக்கத்து எருது விடும் விழாவிலும் அப்படியே. காளையின்முன் தானே ஓடுகிறவன் நிலை ஒன்று. தடுப்புக்குப் பின்னே நின்று பார்த்தவன்மேல், தடுப்பு வலுவற்றதாயிருந்தமையால் காளை பாயுமாயின், அவன் நிலை மற்றொன்று. 1932-இல் இங்கிலாந்தில், மோட்டார் பந்தயம் காண வந்தவர்கள்மேல் வண்டி பாய்ந்த வழக்கொன்றில், நடத்தியவர்கள் தக்க எச்சரிக்கை செய்திருந்தார்கள் என்றும், எஞ்சிய அபாயம் பந்தயத்துக்கே உரியதென்றும் கண்டு, அவர்களை நியாயஸ்தலம் விடுவித்தது. ஆகவே, நடத்துவோருக்குச் சட்டம் பகையன்று. தன் கடமையைச் செய்தவனை அது காக்கின்றது.

இனி, ஒப்பமிட்ட காகிதத்தின் வலிமை எவ்வளவு என்று பார்ப்போம். படியாமல் ஒப்பமிட்டாலும் ஒப்பம் ஒப்பமே என்று 1934-இல் இங்கிலாந்தில் ஒரு தீர்ப்பு உண்டாயிற்று. சிகரெட்டு விற்கும் இயந்திரம் வாங்கிய ஒரு பெண்மணி, சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த ஷரத்தைப் பாராமல் ஒப்பமிட்டுத் தோற்றாள். நான் என் தமக்கைக்குச் சொன்ன பதில் ஏறக்குறைய இக்கொள்கையே. ஆனால், அந்நாட்டாரே 1977-இல் ஒரு சட்டம் இயற்றி, அஜாக்கிரதையால் விளையும் மரணத்துக்கும் தேகக் காயத்துக்கும் உரிய பொறுப்பை, வியாபாரம் நடத்துவோர் எந்த ஷரத்தாலும் எந்த அறிவிப்பாலும் தட்டிக்கழிக்க முடியாது என்று விதித்துவிட்டார்கள்.

நம் நாட்டில் அவ்வளவு வெளிப்படையாக ஒரே வாக்கியத்தில் அமைந்த சட்டம் இல்லை. ஆயினும், வழி இல்லாமலில்லை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பொது நன்மைக்கு விரோதமான உடன்படிக்கை செல்லாது என்கின்றது. இதனை எளிய வழக்கு ஒன்றால் விளக்குவேன். நம் சென்னை உயர்நீதிமன்றத்தில், 1966-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுதியில் வெளியான வழக்கு அது. சலவைக்குக் கொடுத்த புதுப்புடவை தொலைந்துபோயிற்று. கடைக்காரர் கொடுத்த ரசீதில், பொருள் தொலைந்தால் விலையில் ஒரு பகுதிக்கு மேல் கேட்கலாகாது என்று அச்சிட்டிருந்தது. தன் அஜாக்கிரதையால் பிறர் பொருளைத் தொலைத்துவிட்டு இவ்வாறு தப்பிக்க இடங்கொடுப்பது பொது நன்மைக்கு விரோதம் என்று நீதிமன்றம் அந்த ஷரத்தைத் தள்ளிவிட்டது. அன்பர்களே! ஒரு புடவைக்கு உள்ள பாதுகாப்பு, அதனை உடுத்துகின்றவளின் எலும்புக்கு இல்லாமற் போகுமா?

1986-இல், கல்கத்தாவைச் சேர்ந்த ஓர் அரசாங்க நீர்வழிக் கம்பெனியின் உத்தியோகஸ்தர் தொடுத்த வழக்கில், நம் உச்சநீதிமன்றம் மேலும் ஒருபடி சென்றது. வலியவன் எழுதி வைத்த படிவத்தில், மறுக்க வகையில்லாத எளியவன் ஒப்பமிடுவானாயின், அதிலுள்ள நியாயமற்ற ஷரத்து செல்லாது என்று அது தீர்த்தது. 2019-இல், தில்லியிலுள்ள பெரிய ஹோட்டல் ஒன்றின் காவலில் ஒப்படைத்த வண்டி திருட்டுப்போன வழக்கிலும், நிறுத்துவது உரிமையாளரின் சொந்தப் பொறுப்பிலேயே என்று சீட்டில் அச்சிட்டதைக் காட்டி, தன் அஜாக்கிரதைக்கு ஹோட்டல் தப்ப முடியாதென்று உச்சநீதிமன்றம் கூறியது. அன்றியும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோரின் உரிமையைப் பெரிதும் மாற்றி அவரைப் பாதகமான நிலையில் வைக்கும் உடன்படிக்கையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று பெயரிட்டு, அதனைச் செல்லாததாக்கும் அதிகாரத்தை மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் அளித்திருக்கின்றது. கட்டணம் வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறைபாடு உண்டாயின், மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் மனுவுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் 2 ஆண்டுக்குள் முறையிடல் வேண்டும். தவறினால், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். இந்த இரண்டு ஆண்டை, தாய்மார்களே, தயவுசெய்து மறவாதீர்கள்.

இவையெல்லாம் பணத்தைப் பற்றியவை. உயிர் போகுமாயின் விஷயம் வேறு. அசட்டையால் மரணம் விளைவிப்பது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவில் இதற்கு 2 ஆண்டு வரை சிறை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமுலில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 106-ஆவது பிரிவில் அது 5 ஆண்டு வரை உயர்ந்திருக்கின்றது. குற்ற வழக்கு அரசு நடத்துவது. இறந்தவர் எழுதிக்கொடுத்த காகிதம் அரசின் கையைக் கட்டாது.

பிள்ளைகள் விஷயத்தில் காகிதத்தின் வலிமை மேலும் குறைகின்றது. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் உடன்படிக்கை செல்லாது என்று 1903-இலேயே பிரிவி கவுன்சில் தீர்த்திருக்கின்றது. அவருக்காகத் தகப்பனார் ஒப்பமிட்டால் என்ன என்பீர்கள். பிள்ளைக்காகத் தொடுத்து நடந்துவரும் வழக்கிலேகூட, நீதிமன்றத்தின் அனுமதியின்றிக் காப்பாளர் சமாதானம் செய்துகொள்ள இயலாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் கூறுகின்றது. அவ்வாறாயின், நேராத தீங்குக்காகப் பிள்ளையின் உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கத் தகப்பனுக்கு ஏது அதிகாரம்?

இவை யாவும் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணாதிருக்கும்பொருட்டு, நடந்த சில துயரங்களை நினைவூட்டுகின்றேன். 1995 மே மாதம், பஞ்சாபில் பட்டாணகோட்டை அடுத்த ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களோடு உல்லாசப் பிரயாணம் சென்றார்கள். பியாஸ் நதியில் 14 பிள்ளைகள் மூழ்கி மாண்டனர். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர் பெற்றோர் ஸ்தானத்தில் நிற்பவர் என்பதும், அவர் அசட்டைக்குப் பள்ளி நிர்வாகமும் பொறுப்பு என்பதும் அவ்வழக்கின் சாரம். பிள்ளை ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கப் பணித்த தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2001-இல் உறுதி செய்தது. நாமும் பிள்ளைகளை நீர்வீழ்ச்சிக்கு அழைத்துச் செல்லப் போகின்றோம் என்பதை நினைவில் வையுங்கள்.

2018 மார்ச் 11-ஆம் தேதி, நம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவிற்று. மலையேறச் சென்றிருந்த இளைஞரும் பெண்களுமாக 23 பேர் மாண்டார்கள். கோடையில் சருகு காய்ந்து கிடக்கும் மலை. எந்தப் பாதைக்கு அனுமதி, எதற்கு இல்லை என்பதைப் பற்றிய குழப்பம். தீ வந்தால் எப்பக்கம் ஓடுவது என்று முன்கூட்டிச் சொல்லிவைக்காமை. இவற்றைப் பற்றி நாடெங்கும் பேச்சு எழுந்தது. அதன்பின் நம் அரசாங்கம் அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில், 40 பாதைகளை வரையறுத்து வழிகாட்டிகளோடு ஏறும் திட்டத்தையும் தொடங்கியது. ஜவ்வாது மலையும் சருகுதிரும் காடே என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பர்வதமலைக்கு இரும்பேணியும் சங்கிலியும் பற்றி ஏறிப் பழகியவர்கள் நாம். கால் ஒருமுறை வழுக்கினால் என்னவாகும் என்பது நமக்குப் புத்தகத்தில் படித்து அறிய வேண்டியதன்று.

அதே 2018 ஜூலையில், கோயம்புத்தூரை அடுத்த ஒரு கலைக்கல்லூரியில் ஆபத்துக்காலப் பயிற்சி என்று சொல்லி, மாணவியரை இரண்டாம் மாடியிலிருந்து கீழே விரித்த வலைமேல் குதிக்கச் செய்தனர். தயங்கி நின்ற பெண் ஒருத்தியைப் பயிற்சி அளித்தவரே தள்ளிவிட, இடையிலிருந்த கட்டிட விளிம்பில் தலை மோதி அவள் மாண்டாள். அவரைத் தாங்கள் நியமிக்கவில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. பயிற்சி அளிப்பவன் யார், அவன் தகுதி என்ன என்று ஒருமுறை விசாரித்திருந்தால் ஓர் உயிர் இருந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2024 மே 25-ஆம் தேதி குஜராத்தில் ராஜகோட்டை நகரத்துக் கேளிக்கைக் கூடம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. விடுமுறை நாள், குறைந்த கட்டணம், கூட்டம் நெருக்கியிருந்தது. தீயணைப்புத் துறையின் சான்று இல்லை. உள்ளே பற்றவைப்பு வேலையும் நடந்துகொண்டிருந்தது. குழந்தைகள் உட்பட 27 பேர் மாண்டார்கள். நுழையுமுன் அங்கு வருவோரிடம், காயத்துக்கும் மரணத்துக்கும் நடத்துவோர் பொறுப்பல்லர் என்று எழுதி வாங்கியிருந்தார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. குஜராத் உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்து, மனிதரால் உண்டாக்கப்பட்ட பேரழிவு என்று கூறியது. நடத்தியவர்களைப் போலீசார் கைது செய்தார்கள். எழுதி வாங்கிய காகிதங்கள் அவர்களைச் சிறையினின்றும் காக்கவில்லை. ஆனால், அக்காகிதம் கையிலிருக்கின்றது என்ற தைரியம், வெளியேறும் வாயிலையும் தீயணைக்கும் கருவியையும் பற்றி நினையாதபடி அவர்களை உறங்க வைத்திருக்குமோ என்பதே என் ஐயம். அந்த ஷரத்தின் பெருங்கேடு இதுவே. அது நிர்வாகியைக் காவாது. நிர்வாகியின் கண்ணை மட்டும் மூடிவிடும்.

இனி, நண்பர்கள் சிலர் என்னிடம் தனியே சொன்ன ஆட்சேபங்களுக்குச் சமாதானம் கூறுவேன்.

"நாம் வியாபாரிகள் அல்லோமே, இலவசமாக நடத்துகின்றோமே" என்கின்றார்கள் சிலர். கட்டணமில்லாச் சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பது மெய். ஆயினும், நான் முன் சொன்ன அஜாக்கிரதைச் சட்டம் கட்டணத்தைக் கேட்பதில்லை. கூடத்தை வைத்து நடத்துபவர், அதனுள் தாம் வரவேற்றவர்பால் எச்சரிக்கையாயிருக்கக் கடமைப்பட்டவர். அன்னதானத்தில் கெட்ட சோறு போட்டவன், "நான் விலை வாங்கவில்லையே" என்று சொல்லலாமா?

"ஷரத்தை நீக்கினால் ஒரே வழக்கில் சங்க நிதி முழுவதும் கரைந்துவிடுமே" என்கின்றார் வேறு சிலர். இந்த அச்சம் நியாயமானது. அரிசியும் கேழ்வரகும் விற்ற காசில் நம் முன்னோர் சேர்த்து வைத்த நிதி இது. ஆனால், நான் இதுவரை சொன்னதனால், அந்த ஷரத்து நிதியைக் காக்குமென்று நம்பியிருக்க இடமில்லை என்பது விளங்கும். நிதியைக் காப்பன மூன்று: செய்யவேண்டிய எச்சரிக்கையைச் செய்தல், செய்ததைப் புத்தகத்தில் எழுதி வைத்தல், பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்தல். காப்பீட்டுக்குப் பணமாகும்தான். ஆயினும், திருவிழா வாணவேடிக்கைக்கு ஆகும் பணத்தைவிடப் பயனுள்ள செலவு அது.

"நம்மவர் நம் சங்கத்தின்மேல் வழக்குத் தொடுப்பாரோ?" என்பது மூன்றாவது ஆட்சேபம். அன்பர்களே, இதுவே என்னை மிகவும் வருத்துகின்றது. தொடுக்கமாட்டார் என்பதனாலேயே நாம் அதிகமாய் அஞ்ச வேண்டும். பிறர் நடத்தும் கூடமாயின், அடிபட்டவன் வாய்விட்டுக் கேட்பான். நம் சங்கமாயின், உறவுக்கு அஞ்சுவான். நாளைக்குப் பெண் கொடுக்க, பெண் எடுக்க இவர்களிடமே வரவேண்டும் என்று அஞ்சுவான். "கையெழுத்துப் போட்டாயே" என்று நம்மவரே சொல்ல, வாய்மூடிப் போவான். கேட்கத் துணியாதவனிடமிருந்து உரிமையை எழுதி வாங்குதல், கண்ணில்லாதவனிடம் தடியைப் பிடுங்குவதை ஒக்கும். சங்கம் என்று நாம் கூடியது எதற்கு? தனியே நிற்க முடியாதவனுக்குத் துணை நிற்பதற்கல்லவா?

நம் ஊர்ப்பக்கத்துச் சிலம்பக் கூடங்களை இங்குள்ள முதியோர் அறிவார்கள். அங்கே யாரும் காகிதம் எழுதி வாங்கியதில்லை. ஆசான் முதலில் தரையைப் பெருக்கிக் கல்லும் முள்ளும் அகற்றச் செய்வார். கம்பில் வெடிப்பு உண்டா என்று தாமே கையால் தடவிப் பார்ப்பார். புதிய பிள்ளையைப் பழகியவனோடு மோத விடமாட்டார். காய்ச்சல் கண்டவனைத் திருப்பி அனுப்புவார். அடிபட்டால் தாமே எண்ணெய் காய்ச்சிக் கட்டுவார். அவருக்குச் சட்டம் தெரியாது. ஆயினும் சட்டம் கேட்பது யாதோ அதனை அவர் செய்தார். பொறுப்பை ஏற்றவனுக்கே ஆசான் என்ற பெயர் பொருந்திற்று.

ஆகலின், நான்காவது ஷரத்தை முற்றும் நீக்கிவிடுமாறு பிரேரிக்கின்றேன். படிவமே வேண்டாம் என்பது என் கருத்தன்று. படிவம் வேண்டும்; அஃது உரிமையைப் பறிக்கும் காகிதமாக இராமல், அபாயத்தை அறிவிக்கும் காகிதமாக இருத்தல் வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். இன்ன பயிற்சியில் இன்ன அபாயம் உண்டு, இன்ன பாதை வழுக்கும், இன்ன இடத்தில் நீர் ஆழம் என்று மறையாமல் சொல்லட்டும். இருதய நோய், ஆஸ்துமா, வலிப்பு முதலியன உண்டா என்றும், ஆபத்தில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்றும் கேட்கட்டும். அவ்வாறு அறிந்து ஒப்பமிட்டவன், இயல்பான அபாயத்தை ஏற்றவனாகின்றான். அறிவுறுத்தியும் கேளாமல் தன் தவற்றாலும் ஒரு பங்கு நஷ்டம் விளைத்துக்கொண்டவனுக்கு, அந்த அளவுக்கு நஷ்டஈட்டைக் குறைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. இவ்வளவு பாதுகாப்பே நேர்மையான நிர்வாகத்துக்குப் போதும்.

படிவத்தின் மறுபக்கத்தில், சங்கம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வாக்குறுதிகளை அச்சிட வேண்டும் என்பது என் இரண்டாவது பிரேரணை. முதலாவது, பயிற்சிக் கருவிகளின் கம்பிவடம், மரை, பலகை ஆகியவற்றை வாரந்தோறும் ஒருவர் சோதித்துப் புத்தகத்தில் ஒப்பமிடுவார், பழுதானதைப் பூட்டி வைப்பார், ஒட்டுநாடா சுற்றமாட்டார். இரண்டாவது, தகுதி விசாரித்து நியமித்த பயிற்சியாளர் இல்லாத நேரத்தில் கூடம் திறக்கப்படமாட்டாது. மூன்றாவது, மலைக்குச் செல்லுமுன் வனத்துறையின் அனுமதி பெறப்படும்; கடுங்கோடையிலும் பெருமழையிலும் செல்வதில்லை. நான்காவது, பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவர் பெயர் குறிக்கப்படும். நீரருகே நீச்சலறிந்தவர் நிற்பார். கயிறும் முதலுதவிப் பெட்டியும் உடன்வரும். ஐந்தாவது, மலையில் கைப்பேசி பேசாத இடங்கள் பல உண்டாகலின், 108 வண்டியை அழைக்க எங்கே செல்வது, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எது என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்படும்.

மேலும், 18 முதல் 70 வயது வரையுள்ளோருக்கு, வங்கிக் கணக்கின் வழியே ஆண்டுக்கு 20 ரூபாயில், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் அளிக்கும் மத்திய அரசாங்கக் காப்பீடு ஒன்று உண்டு. நம் அங்கத்தினர் அனைவரையும் அதில் சேர்ப்பிக்கும் பொறுப்பைச் சங்கமே ஏற்கலாம். சிறுவர்களுக்கு அது பொருந்தாதாகலின், பிரயாணத்துக்கென்று தனிக் காப்பீடு எடுத்தல் வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வெளியூர்ப் பயிற்சிக் கூடங்களிலும் நீர் விளையாட்டுப் பூங்காக்களிலும் இத்தகைய காகிதங்களில் ஒப்பமிடவே நேரும். படித்துப் பார்த்து ஒப்பமிடுங்கள். ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். அடிபட்டால், கருவி நீக்கப்படுமுன் அதனைப் படமெடுத்து வையுங்கள். வைத்தியச் சீட்டும் ரசீதும் பத்திரப்படுத்துங்கள். கூட இருந்தவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, என்னைப் போன்ற அரைகுறை ஞானிகளிடம் கேளாமல், வக்கீலிடம் கேளுங்கள். வசதியில்லாதோருக்கும், பெண்களுக்கும், சிறுவர்க்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவுகின்றது. காகிதத்தைக் கண்டு வாய்மூடிப் போகாதீர்கள்.

பெரியோர்களே! நிலத்தை விற்றவன் ஒப்பமிட்டால் நிலம் போகும், அது முறை. நிலம் விற்பனைக்குரிய பொருள். பிள்ளையின் கையும் காலும் விற்பனைக்குரிய பொருள்களல்ல. இந்த வேற்றுமையை நான் அறிந்துகொள்ள என் தமக்கை வீட்டார் விலை கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை இன்று இச்சபையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கின்றான். நம் பயிற்சிக் கூடத்தில் முதலாவதாகச் சேர அவனே பெயர் கொடுத்திருக்கின்றான் என்று காரியதரிசி சொன்னார். அவனிடம் மறுபடியும் அதே காகிதத்தை நீட்டுவதா, வேண்டாவா என்பதைச் சபையோர் தீர்மானிப்பீர்களாக.